மைதானம், சபா, பார்க்... இதை வச்சு உருப்படியா ஒரு தீசிஸ் பண்றது எப்படி

ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மெண்ட், ஃபிசிக்கல் எஜுகேஷன், சோஷியாலஜி, ஃபைன் ஆர்ட்ஸ்னு எந்த டிபார்ட்மெண்ட்ல இருந்து வந்தாலும் சரி, விளையாட்டையும் கலையையும் பொழுதுபோக்கையும் யார் எப்படி நடத்துறாங்கன்னு ஆராய்ச்சி பண்ண வர்ற பசங்க நிறைய பேர் கையில ஒரே தலைப்புதான் இருக்கும். இன்ன ஊர் ஸ்டேடியம் யூஸ் பண்றவங்களோட திருப்தி அளவு, ஒரு ஆய்வு. அவ்ளோதான். ஒரு கூகுள் ஃபார்ம், அஞ்சு கட்டம், நூறு பேர், அதுல முக்காவாசி அவங்க காலேஜ் ஃப்ரெண்ட்ஸ், அதை எஸ்பிஎஸ்எஸ்ங்கிற புள்ளியியல் சாஃப்ட்வேர்ல போட்டு ஒரு டி டெஸ்ட் (ரெண்டு குரூப்போட சராசரியை ஒப்பிடுறது), கடைசில 'பெரும்பாலானோர் திருப்தியாக உள்ளனர்'னு ஒரு முடிவு. பட்டம் கெடைக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா அந்த ஸ்டேடியம் பக்கமே வர முடியாதவன் அந்த ஃபார்மை ஃபில் பண்ணவே இல்லையே, அவன் எங்க போனான்? இந்த சப்ஜெக்டோட உயிரே அங்கதான் இருக்கு, அதனால திருப்தி சர்வேயை மொதல்ல தூக்கி ஓரமா வைங்க.

அதுக்கு பதிலா மூணு விஷயம் கேளுங்க. எந்த நேரம் யாருக்கு, காசு யார் கைல இருந்து யார் கைக்குப் போகுது, கேட் சாவி யார்கிட்ட இருக்கு. மேனேஜ்மெண்ட்னு பெரிய வார்த்தையா சொல்றதெல்லாம் தரையில பாத்தா இந்த மூணுதான்.

ஒரு நிஜ கேஸ் வச்சே பாப்போம். 2024 அக்டோபர் கடைசில சென்னை மாநகராட்சி மன்றத்துல ஒரு தீர்மானம் வந்துச்சு, செயற்கைப் புல் போட்ட 9 ஃபுட்பால் மைதானத்தை தனியார்கிட்ட பராமரிப்புக்கு விடுறது, ஆடுறவங்ககிட்ட ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வாங்குறதுன்னு. வடசென்னை வியாசர்பாடி மாதிரி ஏரியால ஃபுட்பால் எப்படின்னு தெரிஞ்சவங்களுக்கு இது என்ன கணக்குன்னு புரியும், ஒரு டீமுக்கு பத்து பதினோரு பசங்க, வாரத்துல அஞ்சு நாள் பிராக்டீஸ், போட்டுப் பாருங்க. எதிர்ப்பு கெளம்பிச்சு, உடனே தீர்மானத்தை வாபஸ் வாங்கிட்டாங்க. நியூஸ் அத்தோட முடிஞ்சுது. ஆனா ஒரு ஆராய்ச்சி மாணவனுக்கு அங்கதான் ஆரம்பம், ஏன்னா காசு வாங்காம இருந்தப்பவும் அந்த மைதானத்துல எல்லாரும் சமமா ஆடிட்டு இருந்தாங்களான்னு யாரும் கேக்கல. சாயங்காலம் 5 மணி ஸ்லாட் எந்த டீமுக்கு, அது எப்படி முடிவாகுது, அகாடமி வச்சு ஃபீஸ் வாங்குற கோச் எத்தனை மணி நேரம் எடுத்துக்குறாரு, பொண்ணுங்க டீம் எப்ப வருது, லைட்டு யார் ஆஃப் பண்றாங்க, புல்லு கிழிஞ்சா யார் செலவு. 'ஃப்ரீ'ன்னு போர்டு இருக்குற எடத்துலயும் ஒரு வரிசை இருக்கும், அந்த வரிசையை யார் போட்டாங்கன்னு கண்டுபிடிக்கிறதுதான் உங்க வேலை.

இப்ப தலைப்பை எப்படி குறுக்குறதுன்னு பாருங்க. 'சென்னை மைதானங்களின் மேலாண்மை' வேண்டாம், அது முப்பது வருஷ வேலை. 'தனியார் பராமரிப்பு பத்தின பேச்சு வந்ததுக்கு அப்புறம் வடசென்னைல ரெண்டு மாநகராட்சி மைதானத்துல சாயங்கால ஸ்லாட் எப்படிப் பிரியுது' அப்படின்னா ஒரு ஆள் பண்ற சைஸ். கைடு 'ரொம்ப சின்னதா இருக்கே'ம்பார். சின்னதாதான் இருக்கணும் சார்னு பணிவா சொல்லிட்டு, கூடவே வேற மாதிரி ஒரு மைதானத்தை ஒப்பிட சேத்துக்குறேன்னு சொல்லுங்க, ஒத்துக்குவார்.

ஏற்கனவே என்ன எழுதியிருக்காங்கன்னு பாக்க மொதல்ல ஷோத்கங்காங்கிற வெப்சைட்டுக்குப் போங்க, இந்தியப் பல்கலைக்கழகங்களோட பிஎச்டி தீசிஸ் நிறைய ஃப்ரீயா கெடக்கு. ஃபிசிக்கல் எஜுகேஷன்ல தேடுனா பயிற்சியோட விளைவு பத்தினதுதான் குவிஞ்சு கெடக்கும், பன்னெண்டு வார யோகாவுக்கு அப்புறம் நாடித்துடிப்பு என்னாச்சு டைப். தப்பில்ல, ஆனா உங்களுக்கு உதவாது. நீங்க தேட வேண்டியது நகர நிர்வாகம், பெண்ணியம், சாதி, நாட்டார் வழக்காற்றியல் இந்த ஏரியால. வெளிநாட்டு ஜர்னல்ல 'லெஷர் ஸ்டடீஸ்', 'ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட் மேனேஜ்மெண்ட்', அப்புறம் முன்னாடி 'மேனேஜிங் லெஷர்'னு வந்து இப்ப 'மேனேஜிங் ஸ்போர்ட் அண்ட் லெஷர்'னு வர்றது, இதெல்லாம் புரட்டுங்க. பிரிட்டன்ல முனிசிபல் நீச்சல் குளத்தை யார் நடத்துறதுங்கிற சண்டையைப் பத்தி படிக்கிறப்ப நம்ம ஊரு மாதிரியே இருக்கேன்னு தோணும். தோணட்டும், ஆனா அப்படியே காப்பி அடிச்சு நம்ம ஊருக்கு ஒட்டாதீங்க. அங்க கவுன்சில் கொடுக்குற மெம்பர்ஷிப் கார்டு, இங்க அண்ணன் சொன்னா கேட் தெறக்கும், ரெண்டும் ஒண்ணு இல்ல.

அடுத்தது பேப்பர் வேலை. இதுல பொறுமை இருக்கவங்களுக்குப் பாதி தீசிஸ் உக்காந்த எடத்துலயே கெடைச்சிரும். ஒவ்வொரு வருஷமும் சட்டமன்றத்துல மானியக் கோரிக்கை வர்றப்ப ஒவ்வொரு துறையும் ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கும். இளைஞர் நலன் மற்றும் விளையாட்டு மேம்பாட்டுத் துறையோடது ஒண்ணு, கலை பண்பாடு பக்கம் வர்றது ஒண்ணு, தமிழ்நாடு அரசு சைட்லயே பிடிஎஃபா இருக்கு. அஞ்சாறு வருஷத்துக்கு டவுன்லோட் பண்ணி பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க. எந்த திட்டம் ஒரு வருஷம் நாலு பக்கம் வந்துட்டு அடுத்த வருஷம் நாலு வரியா சுருங்குதுன்னு பாருங்க, எந்த ஸ்டேடியம் 'பணிகள் நடைபெற்று வருகின்றன'ன்னு வருஷா வருஷம் அதே வாக்கியத்துல வருதுன்னு பாருங்க. சென்னை சங்கமம் 2007ல தொடங்கி, ஆட்சி மாறுனதும் நின்னு, 2023ல 'நம்ம ஊரு திருவிழா'ன்னு சேத்துக்கிட்டு திரும்ப வந்துச்சு. ஒரு கலை விழாவோட ஆயுசு எதைப் பொறுத்ததுன்னு எழுத இதைவிட நல்ல உதாரணம் கெடைக்காது.

அங்க இல்லாததுக்கு ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு. கட்டணம் 10 ரூபாய், 30 நாள்ல பதில் வரணும், எதுக்கு கேக்குறீங்கன்னு காரணம் சொல்ல வேண்டியதில்ல. பசங்க தப்பு பண்றது கேள்வியிலதான். 'ஏன் மைதானம் பராமரிக்கப்படவில்லை'ன்னு கேட்டா 'இது தகவல் அல்ல'ன்னு ஒரு வரில முடிச்சிருவாங்க. ஏன், எதுக்குன்னு கேக்காதீங்க, காகிதத்தைக் கேளுங்க. இப்படி: '1. வார்டு எண் இன்ன மைதானத்துக்கு கடந்த மூன்று நிதியாண்டுகளில் பராமரிப்புக்கு செலவிட்ட தொகை, ஆண்டு வாரியாக. 2. அதே காலத்தில் போட்டி நடத்த அனுமதி கேட்டு வந்த மனுக்களின் நகல், வழங்கிய அனுமதி கடிதங்களின் நகல். 3. வசூலித்த கட்டண ரசீதுகளின் நகல். 4. பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகல்.' நகலுக்கு பக்கத்துக்கு 2 ரூபாய் கேப்பாங்க, கட்டிருங்க. 'தகவல் இல்லை'ன்னு பதில் வந்தா சோர்ந்து போகாதீங்க, அதுவே ஒரு கண்டுபிடிப்பு: ஸ்லாட் யாருக்குன்னு எந்த ரெஜிஸ்டரும் இல்லாமதான் இத்தனை வருஷமா மைதானம் ஓடுதுன்னு அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கு, அதை பின்னிணைப்புல போடுங்க. பதிலே வரலன்னா, அந்த 30 நாள் முடிஞ்சதுல இருந்து அடுத்த 30 நாளைக்குள்ள முதல் மேல்முறையீடு. ஆக, ஆர்டிஐ போடுறத மொத செமஸ்டர்லயே போட்ரணும், கடைசி ஆறு மாசத்துல போட்டு அழக் கூடாது.

இப்ப மைதானத்துக்கு எறங்குவோம். வெறும சும்மா 'கவனித்தேன்'னு எழுதுனா வைவாவுல (கடைசி வாய்மொழித் தேர்வு) கிழிச்சிருவாங்க, எண்ணணும். இதுக்கு 2006ல மெக்கன்சி, கோஹன் டீம் அமெரிக்கால ஒரு முறை கொண்டு வந்தாங்க, சோபார்க்னு சுருக்கமா சொல்லுவாங்க. ரொம்ப சிம்பிள். மைதானத்தையோ பார்க்கையோ நாலஞ்சு பகுதியாப் பிரிச்சுக்கணும், குறிச்ச நேரத்துக்குப் போய் ஒரு எடத்துல நின்னு இடப்பக்கம் ஆரம்பிச்சு வலப்பக்கம் வரைக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியா, பார்வையை ஓட்டணும், கண்ணுல படுற ஒவ்வொருத்தரும் ஆணா பெண்ணா, குழந்தையா டீனேஜா பெரியவங்களா வயசானவங்களா, உக்காந்திருக்காங்களா நடக்குறாங்களா வேர்க்க விறுவிறுக்க ஆடுறாங்களான்னு கோடு போடணும். திரும்பிப் பாத்து திருத்தக் கூடாது. இதுல எனக்குப் புடிச்சது ஆளை எண்ணுறதுக்கு முன்னாடி இருக்குற கட்டங்கள்: உள்ள போக முடியுதா, பூட்டியிருக்கா, யூஸ் பண்ற நிலையில இருக்கா, யாராவது மேற்பார்வை பாக்குறாங்களா, ஒழுங்கு பண்ணி நடக்குற ஆட்டமா தானா ஆடுறதா. நாலு நாள் சாயங்காலம் போய் நாலு நாளும் 'பூட்டியிருக்கு'ன்னு டிக் பண்ணீங்கன்னா அது வீணாப்போன நாள் இல்ல, அது டேட்டா.

நம்ம ஊருக்குக் கொஞ்சம் மாத்தணும். சென்னைல மே மாசம் மத்தியானம் போய் நின்னா நாயைத் தவிர யாரும் இருக்க மாட்டாங்க. காலைல 5:30, 7:30, சாயங்காலம் 4:30, 6:30, ராத்திரி 8:30ன்னு வச்சுக்கோங்க, ஞாயித்துக்கிழமை கண்டிப்பா சேருங்க, பரீட்சை மாசத்தையும் லீவு மாசத்தையும் தனித்தனியா எடுங்க. டென்னிஸ் பால் டோர்னமெண்ட் நடக்குற வாரம் எண்ணுனா மொத்த கணக்கும் கவுந்துரும், அந்த வாரத்தை தனியா எழுதுங்க. அப்புறம் காம்பவுண்டு சுவத்துக்கு மேல உக்காந்திருக்குற பசங்களை விட்ராதீங்க. ஸ்லாட் கெடைக்காத பசங்க அங்கதான் இருப்பாங்க, அவங்களுக்கு ஒரு தனி கட்டம் நீங்களாவே போட்டுக்கோங்க.

பொம்பளைங்க ஏன் இல்லங்கிற கேள்விக்கு மைதானத்துல நின்னு மட்டும் பதில் கெடைக்காது, வீட்டுக்குள்ள போகணும். அதுக்கு நம்மகிட்ட ஒரு பொக்கிஷம் இருக்கு, யாரும் அதிகமா தொடல. மத்திய புள்ளியியல் அமைச்சகத்தோட நேரப் பயன்பாட்டு சர்வே. 1998-99ல ஆறு மாநிலத்துல ஒரு முன்னோட்டம் பண்ணாங்க, அதுல தமிழ்நாடும் ஒண்ணு. நாடு முழுக்க மொத தடவை 2019ல, அடுத்தது 2024ல. காலைல 4 மணில இருந்து மறுநாள் 4 மணி வரைக்கும் அரை மணி நேரம் அரை மணி நேரமா என்ன பண்ணீங்கன்னு கேட்டு எழுதுனது. தனித்தனி ஆள் லெவல் டேட்டாவே சைட்ல ரெஜிஸ்டர் பண்ணா ஃப்ரீயா எடுத்துக்கலாம்.

இதுல ஒரு குழி இருக்கு, பாத்து. 2019ல சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு ஒரு நாளைக்கு பொம்பளைங்க 299 நிமிஷம், ஆம்பளைங்க 97 நிமிஷம்னு எல்லா பேப்பர்லயும் வந்துச்சு. 97 நிமிஷமான்னு நம்ம வீட்டை நெனச்சு ஆச்சரியப்படாதீங்க, அது அந்த வேலையை செஞ்சவங்களோட சராசரி மட்டும்தான், செய்யாதவன் கணக்குலயே வரல. எல்லாரையும் சேத்துப் பாத்தா பொம்பளைக்கு 243, ஆம்பளைக்கு 25. ரெண்டுமே அரசாங்க நம்பர், ரெண்டுமே சரி, ஆனா எதை எடுத்தீங்கன்னு சொல்லாம எழுதுனா தப்பு. 2024ல செஞ்சவங்க சராசரி 289, 88. இன்னொரு விஷயம், ஓய்வு, கலாச்சாரம், ஊடகம், விளையாட்டு எல்லாத்தையும் ஒரே தலைப்புல போட்டிருக்காங்க, அதுல 2019ல ஆணுக்கும் பெண்ணுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஒரு நாளைக்கு ரெண்டே முக்கால் மணி நேரம் பக்கம். அடடா சமத்துவம்னு எழுதிராதீங்க! சோத்தை அடுப்புல வச்சுட்டு சீரியல் பாக்குறதும், ஷட்டில் ஆடப் போறதும் அந்த ஒரே டப்பாக்குள்ளதான் இருக்கு. உள்ள இருக்குற கோடு நம்பர் வாரியாப் பிரிங்க, வீட்டுக்குள்ளயா வெளியயான்னு முடிஞ்ச வரைக்கும் பிரிங்க, அப்பதான் உங்க மைதானத்துல 6:30க்கு பொம்பளைங்க கட்டம் ஏன் காலியா இருக்குன்னு விளங்கும்.

பேட்டி எடுக்குறது பத்தி சுருக்கமா. மொத ஆள் வாட்ச்மேன், கமிஷனர் இல்ல. கமிஷனர் ஆபீஸ்ல எழுதி வச்சதைத்தான் சொல்லுவாங்க, யார் வந்தா கேட்டைத் தெறக்குறாரு, யார் வந்தா 'டைம் ஆச்சு போ'ங்கிறாருன்னு வாட்ச்மேன்தான் காட்டுவாரு. அவர்கிட்ட ரெக்கார்டரை நீட்டாதீங்க, வேலைக்கு வேட்டு வச்சிருவீங்க, காண்ட்ராக்ட்ல இருக்குறவங்க பாதிப்பேர். டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்க, வீட்டுக்கு வந்ததும் எழுதுங்க, பேரு போடாதீங்க. 'அண்ணே, நேத்து அந்த ப்ளூ ஜெர்சி டீம் ஏன் பாதில கெளம்பிட்டாங்க'ன்னு ஒரு குறிப்பான சம்பவத்தைக் கேளுங்க. 'இங்க பாகுபாடு இருக்கா'ன்னு கேட்டா யாரும் ஆமான்னு சொல்ல மாட்டாங்க.

கலை பக்கம் போறவங்களுக்கும் இதே மூணு கேள்விதான், ஆனா சரக்கு வேற. மார்கழி சீசனை எடுத்தீங்கன்னா சபாக்கள் அடிக்கிற புரோகிராம் புக்கே ஒரு டேட்டாபேஸ். பல சபால மத்தியான கச்சேரி ஃப்ரீ, வளர்ற பசங்களுக்கு, சாயங்காலம் டிக்கெட், பெரிய ஆளுங்களுக்கு. பத்து வருஷ புக்கை சேத்து ஒரு எக்செல்ல ஏத்துங்க: பேரு, வாத்தியம், நேரம், டிக்கெட்டா ஃப்ரீயா. மத்தியானத்துல இருந்து சாயங்காலத்துக்கு வர ஒருத்தருக்கு எத்தனை வருஷம் ஆகுது, அதுல வாய்ப்பாட்டுக்கும் நாகஸ்வரத்துக்கும் என்ன வித்தியாசம், பக்கவாத்தியத்துல பொண்ணுங்க எங்க உக்காந்திருக்காங்க, எல்லாம் வந்துரும். மியூசிக் அகாடமி 1928ல தொடங்குனதுன்னா அந்தக் காலத்து மலர்கள்ல இருந்தே ஒப்பிடலாம், நூலகத்துக்குப் போக சோம்பப்படாதீங்க.

காசு பத்தி எழுத பாமோல், போவன்னு ரெண்டு பொருளாதாரக்காரங்க 1966ல சொன்ன ஒரு வாதம் கை கொடுக்கும். ஃபேக்டரில மெஷின் வந்தா ஆள் கொறையும், கச்சேரில கொறையாது, ரெண்டரை மணி நேரக் கச்சேரிக்கு இன்னைக்கும் அதே பாட்டு, வயலின், மிருதங்கம், அதே ரெண்டரை மணி நேரம்தான், ஆனா வெளிய சம்பளம் விலைவாசி எல்லாம் ஏறிக்கிட்டே போகும், அப்ப டிக்கெட் காசு எப்பவும் பத்தாது. அதனாலதான் ஸ்பான்சர் பேனர் மேடை ஓரத்துல இருந்து மேடை பின்னாடிக்கே வந்துருச்சு. சபா செயலாளர்கிட்ட வரவு செலவு கேட்டா சிரிச்சுட்டு காபி வாங்கிக் கொடுப்பாரு, சங்கப் பதிவு பண்ணதா இருந்தா ஆண்டறிக்கை இருக்கும், அதை முறைப்படி கேளுங்க.

எனக்கு கேட்டா சபாவை விட ஸ்பெஷல் நாடகம்தான் தங்கச் சுரங்கம். புதுக்கோட்டை, மதுரை, திண்டுக்கல் பக்கம் நடக்குறது. அதுல கம்பெனியே கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம்னு ஒவ்வொருத்தரையும் ஏஜெண்ட் தனித்தனியா புக் பண்ணுவாரு, ஒத்திகையே இல்லாம மேடைலதான் சந்திச்சுக்குவாங்க, விடிய விடிய வள்ளி திருமணம் ஓடும். ஒரு நிறுவனம் இல்லாம ஒரு தொழில் நூறு வருஷமா எப்படி ஓடுதுங்கிறதை விட நல்ல மேனேஜ்மெண்ட் கேள்வி எந்த எம்பிஏ புக்லயும் இல்ல. ஏஜெண்டோட டைரி, சங்கத்து விதி, அட்வான்ஸ் வாங்கிட்டு வராதவங்களுக்கு என்ன அபராதம், சீசன் இல்லாத மாசத்துல யார் யாருக்குக் கடன் கொடுக்குறாங்க, இதுதான் உங்க அத்தியாயங்கள். வடக்கே திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கம் கூத்து ஜமாவை (கூத்துக் குழுவை) எடுத்தா கதை வேற, அங்க வாத்தியார் கைலதான் எல்லாம், ரெண்டையும் ஒப்பிட்டு எழுதுனா ஒரு பிஎச்டி தாராளமா நிக்கும்.

ஜல்லிக்கட்டு எடுக்குறேன்னு வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை. 2014 தடை, 2017 மெரினா, சட்டத் திருத்தம், 2023 மே மாசம் அஞ்சு நீதிபதி பெஞ்ச் தீர்ப்பு, இதையே திரும்ப இருநூறு பக்கம் எழுதாதீங்க. இந்த வருஷங்கள்ல வாடிவாசல்ல என்ன மாறுச்சுங்கிறதை எழுதுங்க: ஆன்லைன் பதிவு வந்ததும் காளை வச்சிருக்குற சின்ன விவசாயி என்ன பண்றாரு, டோக்கன் யாருக்கு, அவனியாபுரத்துல யார் நடத்துறதுன்னு ஏன் கோர்ட் வரைக்கும் போறாங்க, 2024 ஜனவரில மதுரை மாவட்டம் கீழக்கரைல தெறந்த பெரிய அரங்கம் பொங்கல் தவிர மத்த மாசம் எதுக்குப் பயன்படுது.

நெறிமுறை கமிட்டி விஷயம் கடைசி நேர சடங்கு இல்ல. மைதானத்துல பாதி பேர் பதினெட்டு வயசுக்குக் கீழ, பேட்டி எடுக்கணும்னா பெத்தவங்க சம்மதமும் வேணும், பையன் சம்மதமும் வேணும். சம்மதப் படிவத்தை இங்கிலீஷ்ல அடிச்சுட்டுப் போய் கையெழுத்து வாங்குறது அநியாயம், பேச்சுத் தமிழ்ல அரைப் பக்கம் போதும், எப்ப வேணா 'வேண்டாம்'னு சொல்லலாம்னு மொத வரிலயே போடுங்க. பசங்க மூஞ்சி தெரியுற ஃபோட்டோ தீசிஸ்ல வேண்டாம், ஷோத்கங்கால ஏறிருச்சுன்னா ஆயுசுக்கும் அங்கதான் இருக்கும்.

எழுதுறப்ப மத்தவங்க எழுத்தோட ஒத்துப்போற அளவு 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும்ங்கிறது யுஜிசியோட (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதி. மொத்தமா கடைசில செக் பண்ணாம அத்தியாயம் அத்தியாயமா பாருங்க. எம்ஃபில் இப்ப கெடையாது, பிஎச்டிக்கு கொறஞ்சது மூணு வருஷம், கூடினா ஆறு, அதனால ஒரு சீசனாவது முழுசா ரெண்டு தடவை பாக்குற மாதிரி கேலண்டர் போட்டுக்கோங்க, மொத மார்கழி வழி தெரிஞ்சுக்க, ரெண்டாவது மார்கழி டேட்டாவுக்கு. பேப்பர் போட்டே ஆகணும்னு அவசரத்துல காசு வாங்கிட்டு நாலு நாள்ல பப்ளிஷ் பண்ற ஜர்னலுக்குப் போயிராதீங்க, நல்ல ஜர்னல்னு யுஜிசி வச்சிருந்த கேர் லிஸ்ட்டை 2025ல நிறுத்திட்டாங்க, இப்ப எது நல்ல ஜர்னல்னு நீங்களும் உங்க டிபார்ட்மெண்டும்தான் பாத்து முடிவு பண்ணணும்.

தீசிஸ் சப்மிட் பண்றதுக்கு முன்னாடி ஒரு வேலை பாக்கி. கண்டுபிடிச்சதை ரெண்டு பக்கம் தமிழ்ல அடிச்சு, அந்த மைதானத்துல ஆடுறவங்ககிட்டயும் கோச்சுகிட்டயும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்க. ஆறரை மணி ஸ்லாட் அட்டவணையைப் பாத்ததும் ஒருத்தர் கண்டிப்பா 'இது தப்பு தம்பி, வியாழக்கிழமை எங்க டீம்தான்'ம்பாரு, இன்னொருத்தர் இல்லம்பாரு, அங்கயே சண்டை ஆரம்பிக்கும். நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கோங்க, அட்டவணைக்குக் கீழ ரெண்டு பேர் சொன்னதையும் போடுங்க, வைவாவுல வெளியூர் எக்ஸாமினர் மொதக் கேள்வியே அங்கதான் கேப்பாரு.